ஜெயிலுக்குள்ளும் ஜாதியா?

(மதுக்கரையில் நடந்த கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஜெயிலைப் பற்றியது. ஜெயிலைப் பற்றி நமக்கென்ன, நாம் என்ன திருடினோமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். திருடாதவனையும் பிறந்த ஜாதியைப் பார்த்துத் திருடன் என்று எழுதிவைத்த நாடு இது என்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

மனுதர்மத்தின் எட்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். ஒரே விபசாரக் குற்றத்துக்கு மற்ற ஜாதியானுக்கு உயிர்த் தண்டனை. பார்ப்பனனுக்கோ தலையைச் சிரைத்துவிட்டால் போதும். அவன் எப்பேர்ப்பட்ட பாவத்தைச் செய்திருந்தாலும் கொல்லக்கூடாது, சொத்தோடு பத்திரமாக ஊரைவிட்டு அனுப்பிவிட வேண்டுமாம். மயிர் மறுபடி முளைக்கும், தலை முளைக்குமா? (சிரிப்பு)

பிறகு வெள்ளைக்காரன் வந்து, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றான். ஆனால் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைக்க நம்மவன் லைசென்சு வாங்க வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு! அந்த விலக்கில் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. குடகு வகுப்பாருக்கும், அங்கே ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டியதில்லை என்ற விலக்கை 2019ல் இந்திய சர்க்கார் 2029 வரை நீட்டித்திருக்கிறது. குடகர்கள்மீது நமக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் ஒருவன் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்பதற்கு அவன் குணத்தையும் நிதானத்தையும் பார்க்காமல், தாய் தகப்பனைப் பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

பிறப்பைப் பார்த்துத் துப்பாக்கி கொடுத்த சர்க்கார் பிறப்பைப் பார்த்தே குற்றத்தையும் கொடுத்தது. அதுதான் 1871ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம். 1911க்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். கள்ளர், குறவர் முதலியவர்களைப் பதிவு செய்து கைரேகை வாங்கி, அவர்கள் போகிற வருகிற இடத்தையெல்லாம் போலீசுக்குச் சொல்லச் செய்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள பெருங்காமநல்லூரில், நாங்கள் என்ன குற்றம் செய்தோம், எதற்கு ரேகை வைக்க வேண்டும் என்று மறுத்த ஜனங்கள்மீது 1920 ஏப்ரல் 3ந் தேதி போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947ல்தான் ஒழிந்தது.

இது நம் நாட்டின் மூடத்தனம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1986ல் ஒரு சட்டம் செய்தார்கள். கொக்கேன் என்ற போதை மருந்தைப் பொடியாக 500 கிராம் விற்பவனுக்குக் குறைந்தது 5 வருஷம் ஜெயில். அதையே காய்ச்சிக் கட்டியாக்கி 5 கிராம் விற்றால் அவனுக்கும் 5 வருஷம்! கட்டி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். 2010ல் தான் 100க்கு 1 என்பதை 18க்கு 1 என்று குறைத்தார்கள். அதாவது அநியாயத்தை ஒழிக்கவில்லை, தள்ளுபடி விலையில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே சட்டப் புத்தகத்தில் கறுப்பன் என்ற சொல்லை எழுதவில்லை.

நம் நாட்டு ஜெயில் விதிகளுக்கு அந்த வெட்கமும் இல்லை. மேற்கு வங்காளத்து விதியில் சமையல் செய்யும் கைதி தகுந்த ஜாதியாக இருக்க வேண்டும். கூட்டுகிறவன் இன்னின்ன ஜாதி என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. உத்தரப்பிரதேச விதியிலோ, சாதாரணத் தண்டனைக் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாது, அவ்வேலையில் பழகிய ஜாதியானாக இருந்தாலொழிய என்று இருந்தது. நம் கோயமுத்தூர் ஜெயிலில் வ.உ.சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்ததை மேடைதோறும் சொல்லுகிறோம், சொல்ல வேண்டியதுதான். ஜாதிக்காகக் கக்கூஸ் அள்ள வைக்கப்பட்ட கைதியின் கதையை எந்த மேடையில் சொன்னோம்?

சுகன்யா சாந்தா என்ற பெண் பத்திரிகையாளர் வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 3ந் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட மூவர், இவ்விதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்த வேண்டும், கைதிகள் பதிவேட்டில் ஜாதிக்கென்று இருக்கும் இடத்தையே எடுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். சுதந்திரம் வந்து 77 வருஷம் கழித்து!

(இச்சமயம் ஒரு தோழர், "ஜாதிச் சண்டை வராமலிருக்க ஜெயிலில் ஆளைப் பிரித்துத்தானே வைக்க வேண்டும்?" என்று சீட்டு அனுப்பினார்.)

தோழர் கேட்பது நல்ல கேள்வி. பாளையங்கோட்டை ஜெயில் விஷயத்தில் நம் சர்க்காரும் இதையேதான் சொல்லிற்று. சென்னை ஹைக்கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. மேல்கோர்ட்டு இந்தத் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. சண்டை போடுகிறவன் இன்னான் என்று தெரிந்தால் அவனைப் பிரிக்க எந்த விதியும் தடுக்கவில்லை. சண்டையே போடாதவனையும் ஜாதியைக் கேட்டுக் கொட்டடி மாற்றுவது ஜெயிலர் வேலையா, புரோகிதன் வேலையா? வருகிற வழியில் ஒரு டீக்கடையில் இரண்டு விதத் தம்ளர் இருந்தது. ஏனப்பா என்று கேட்டோம். சண்டை வராமலிருக்கத்தான் என்றான். கூட்டம் கலைந்து போகிறவர்கள், இதுவரை யார் யார் சண்டைக்கு வந்தார்கள் என்று அவனிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.