மாத்திரை கிடைத்தால் போதுமா?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி என்று கேட்டால், "சுத்தமாக இருக்கிறது" என்போம். இல்லாவிட்டால் "ஒரே கூட்டம்" என்போம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அங்கே நடக்கும் வைத்தியம் தரமானதா என்பது இதிலிருந்து தெரியாது.

அவெடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவ அறிஞர் 1966-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கட்டடம், ஆட்கள், மருந்து, கருவிகள் இருக்கின்றனவா? செய்ய வேண்டியதை முறைப்படி செய்கிறார்களா? கடைசியில் நோயாளிக்குப் பலன் கிடைத்ததா? முதல் கேள்விக்குப் பதில் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது வேலைக் கணக்கு. பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்திருக்கிறது என்பதுதான் தரக் கணக்கு. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பு என்று 2017-இல் தொடங்கிய திட்டம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத்தான் எண்ணுகிறது. பாதியில் வராமல் நின்றுவிட்டவர்களையும் கணக்கில் சேர்க்கிறது. அவர்களை விட்டுவிட்டால் எந்த நிலையமும் நல்ல நிலையமாகத்தான் தெரியும்.

நம் மாநிலத்தில் 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல காரியம். அதிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மாத்திரை வந்தது, அழுத்தம் குறைந்ததா?

பி.பி. பெரும்பாலும் வலி காட்டாது. பக்கவாதமாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வந்து நிற்கும்போதுதான் பல பேருக்குத் தெரிகிறது. ஆகவே நீங்கள் போவது அரசு நிலையமோ தனியார் கிளினிக்கோ, மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எழுதுவதற்கு முன் பி.பி. பார்த்தார்களா? அழுத்தம் குறையாதபோது மருந்தை மாற்றுவது பற்றிப் பேசினார்களா? ஒரு மாதம் போகாவிட்டால் யாராவது விசாரித்தார்களா?

ஒவ்வொரு முறையும் வரும் எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் வாட்ச்மேன்கள், வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்; சுகாதார நிலையத்தையே நம்பியிருப்பவர்கள் அவர்களில் பலர்.