கரப்பான் கண்ட குழந்தைகளின் தோல் பராமரிப்பு

(வெள்ளி விழாப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் தோல் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இரவெல்லாம் சொறிந்து உறக்கமிழந்த பிள்ளை காலையில் எதைக் கற்கும்? அதுமட்டுமன்று. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்து வெடித்த பிள்ளையை, ஒட்டுவாரொட்டி என்று கருதிக் கடைசி விசிப்பலகையில் தனியே அமர்த்தும் வழக்கம் இன்றும் உள்ளது. ஒதுக்கி வைத்தல் என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆதலின் முதலிலேயே கூறிவிடுகிறோம்: மருத்துவர்கள் எக்சிமா என்றழைக்கும் இந்தக் கரப்பான் தொற்றுநோயன்று. சிரங்கு தொற்றும், அது வேறு. வீட்டில் பலருக்கும் ஒருசேர அரிப்புக் கண்டால் மருத்துவரிடம் காட்டி, எதுவென்று அறிந்துகொள்ள வேண்டும்.

கத்தரிக்காயும் கருவாடும் தின்றதால் வந்தது என்று தாயைக் குறை கூறுவது நம் தெருக்களில் வழக்கம். உண்மையான குறை தோலின் அமைப்பில் இருக்கிறது. தோலை ஈரம் காக்கும் சுவராக்க உதவும் ஃபிலாக்ரின் என்னும் புரதம் பரம்பரையாகவே குறைந்திருப்பது கரப்பானுக்குப் பெருங்காரணங்களுள் ஒன்றென 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அச்சுவரில் விரிசல் விழுந்தால் ஈரம் வெளியேறும். தூசியும் சோப்பும் உள்ளே புகுந்து அரிப்பை மூட்டும். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அக்கம்பக்கத்தார் சொல்கேட்டு முட்டையையும் மீனையும் நிறுத்திப் பிள்ளையை மெலியவிட வேண்டா.

அவ்விரிசலைப் பூசி அடைப்பதே ஈரப்பதக் களிம்பின் வேலை. இது அழகுப் பொருளன்று, மருத்துவத்தின் பகுதி. நம் பெற்றோர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, அளவு. சிறு டியூப் ஒன்றை மாதக்கணக்கில் வைத்துத் தொட்டுத் தொட்டுத் தடவுகிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, ஒரு குழந்தைக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம் என்கிறது. மற்றொன்று, தோல் தெளிந்தவுடன் நிறுத்திவிடுதல். தெளிந்த நாளிலும் காலை மாலை இருவேளை தடவ வேண்டும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன் பூச வேண்டும். தேய்க்காமல், மயிர் வளரும் திசையிலேயே நீவிவிடுதல் நன்று. டப்பாவிலிருந்து விரலால் எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும்.

"அவ்வளவு களிம்புக்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மெண்ட் ஆகிய நான்கையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. பயனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விளம்பரத்தில் வரும் விலையுயர்ந்த புட்டி தேவையில்லை. பிள்ளை மறுக்காமல் பூசிக்கொள்வதும், மணமூட்டி சேராததும் போதும். வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது. வெயிற்காலத்தில் அது வியர்வையால் உறுத்துமாயின், பகலில் இலேசான கிரீமையும் இரவில் ஜெல்லியையும் பூசலாம். மிதமான கரப்பானுக்குத் தூய தேங்காயெண்ணெய் பயன்தருவதைப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வொன்று 2014இல் காட்டியது. ஆலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் வேண்டா. அவை தோலின் சுவரை மேலும் குலைக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டிலுள்ள களிம்பின் உறையைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. 2018இல் இவ்வகைக் களிம்புகள் பல அவ்விதிக்குள் கொண்டுவரப்பட்டன. இருந்தும் கடைக்காரர் கொடுத்ததை முகத்தில் தடவும் வீடுகள் உள்ளன. அதே வேளையில் மருத்துவரே எழுதிக்கொடுத்தால் அஞ்சி ஒதுக்குவதும் தவறு. நீர் கசிதல், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், வலியுடன் கூடிய சிறு கொப்புளங்கள் ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே பிள்ளையை விடாதீர்கள்.

பள்ளிப் பையில் சிறு டப்பா ஒன்றில் களிம்பு அனுப்புங்கள். மதிய இடைவேளையில் பூசிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதற்கு ஆசிரியர் தடை சொன்னால் தயங்காமல் தலைமையாசிரியரிடம் வாருங்கள். எம் பள்ளியில் இதற்குச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை.