காப்புரிமை முகவர்: நாம் அறியவேண்டிய ஒரு தொழில்

 

படித்து என்னவாக விரும்புகிறாய் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், அரசு அலுவலர் என்றே விடை வரும். அவை யாவும் நற்பணிகளே. ஆயினும் நம்மிடையே பெயரளவிலும் அறியப்படாத தொழில்கள் பல உள. அவற்றுள் ஒன்றான காப்புரிமை முகவர் தொழிலைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

புதிய பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு, அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாவண்ணம் தடுக்கும் உரிமையை அரசு வழங்குகிறது. இதுவே பேடண்ட் எனப்படும் காப்புரிமை. நம் நாட்டில் இது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகள் நீடிக்கும். அதற்கு ஈடாகக் கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை ஒளிக்காது எழுதித் தரவேண்டும்.

அவ்வெழுத்தே முகவரின் பணி. அப்பொருள் உண்மையில் புதியதுதானா என்று அவர் முதலில் தேடுகிறார். பின்னர் அதன் அமைப்பை விளக்கி, உரிமையின் எல்லையை வாசகமாக வரைகிறார். வாசகம் குறுகினால் பிறர் சிறு மாற்றம் செய்து தப்புவர். விரிந்தால் பழைய பொருளும் அதனுள் அடங்கி விண்ணப்பம் தள்ளப்படும். அலுவலக ஆய்வாளரின் தடைகளுக்கு விடை எழுதுவதும் அவர் கடனே.

எழுத்தின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவோம். மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை அளிக்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்தது. பாட்டிமார் அறிந்த வைத்தியம் என்ற வாய்மொழி மட்டும் போதவில்லை; பழைய நூல்களும் அச்சேறிய கட்டுரைகளும் காட்டப்பட்ட பின்னரே, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

இது நமக்கும் பாடமன்றோ? தோல் பதனிட்டவர்களும், பறைக்கு வார் பிடித்தவர்களும், ஏரி மடை திறந்து நீர் பங்கிட்டவர்களும் நம் முன்னோர். அவர்தம் நுட்பம் கையில் இருந்தது; ஏட்டில் ஏறவில்லை. எழுத்து மறுக்கப்பட்டோரின் அறிவு பெயரின்றிப் போயிற்று.

இன்று அவ்வாயில் திறந்துள்ளது. இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம், காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் வெற்றி ஆகியனவே தேவை. சட்டப் பட்டம் கட்டாயமன்று. நம் மாநிலத்திற்குரிய அலுவலகம் சென்னையிலேயே உள்ளது.

இளைஞர்களே! அறிவியலைக் கற்பதோடு, கற்றதைப் பிழையற எழுதவும் பழகுங்கள். நம் கைத்திறனுக்கு நம்மவரே எழுத்துரு அளிக்கும் நாள் வரட்டும்.