நாற்பது வேலியை நட்டது யார்?



வெண்மணியில் எரிக்கப்பட்டவர்களின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தெருக்களின் பேரப்பிள்ளைகள் இன்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். தாங்கள் பிறந்த மண்ணைப் பற்றி அங்கே என்ன படிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

தமிழ்த் தாளில் இலக்கியம் வருகிறது. அதோடு சேர்ந்து புராணம் வருகிறது. சுற்றுச்சூழல், புவியியல் தாள்களில் ஆறும் மண்ணும் வருகின்றன. மூன்றும் நம் நிலத்தைப் பற்றியவை. மூன்றிலும் சேற்றில் இறங்கியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் புராணம். காந்தமன் என்ற சோழன் வேண்ட, அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி வந்தது என்கிறது மணிமேகலையின் பதிகம். பிள்ளையார் காகமாக வந்து கமண்டலத்தைத் தட்டிவிட்டார் என்பது மக்கள் வழக்கு. ஆக, ஆற்றின் பிறப்பில் அரசனுக்குப் பங்குண்டு, முனிவருக்கு உண்டு, கடவுளுக்கும் உண்டு. வாய்க்கால் வெட்டியவருக்கும் கரை அணைத்தவருக்கும் கதையில் இடமில்லை.

அடுத்து மண். குடகு மலையில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிவரும் காவிரி கொண்டுவந்து கொட்டியதுதான் நம் டெல்டா. வெள்ளம் கரை மீறும்போது வேகம் குறைகிறது. கனமான மணல் கரையோரத்திலேயே படிகிறது. மெல்லிய களிமண் தள்ளிப் போய்த் தங்குகிறது. ஆகவே கரையோரம் மேடு, உள்ளே பள்ளம். இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அடுத்த கேள்வியை வினாத்தாள் கேட்பதில்லை: மேட்டில் யார் தெரு, பள்ளத்தில் யார் தெரு? டெல்டாவின் பல ஊர்களில் சேரி வயலோரத் தாழ்நிலத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் நுழைவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கியது ஆறு. அவற்றைப் பங்கு பிரித்தது சாதி.

இனி இலக்கியம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை நுணுக்கமாகவே காட்டுகிறார். கூரையில் சுரைக்கொடி படர்கிறது, கோழிக்குஞ்சுகள் திரிகின்றன, விடியுமுன் சேவல் கூவ ஆட்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள், பெண்கள் நெல் குற்றிக்கொண்டே பாடுகிறார்கள். அவருடைய நந்தனாருக்குப் பறைத்துடவை என்ற ஊர் மானிய நிலம் உண்டு. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். அந்தக் கதையில் ஆண்டை கிடையாது.

ஆண்டையைக் கொண்டுவந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே டெல்டாவில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய கீர்த்தனையில் நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போக விடை கேட்கிறான். நாற்பது வேலியையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். தான் கண்ணெதிரே பார்த்த பண்ணை அடிமைத்தனத்தை பாரதியார் கதைக்குள் வைத்தார். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். அதை ஒரே இரவில் சிவனின் பூதகணங்கள் முடித்துவிடுகின்றன. எத்தனை பேர் முதுகு வளைத்த வேலை அது! பக்தியின் பெருமை உயர்ந்த அந்த இடத்திலேயே உழைப்பின் கணக்கு அழிந்துபோகிறது. அந்தக் கணக்கைத் திரும்ப எழுத, தஞ்சைக் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் என்றே 1952இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது.

இரண்டு கதையிலும் நந்தன் கடைசியில் நெருப்பில் இறங்குகிறார். புராணம் அதை அருள் என்கிறது. எரித்ததைத்தான் அருள் என்று எழுதிவைத்தார்களோ என்ற ஐயம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதியை யாரால் நிம்மதியாகப் படிக்க முடியும்? அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நட்டது பூதகணம், எரித்தது யாருமில்லை.

நவீன இலக்கியத்தையும் இதே கேள்வியோடு படிப்போம். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வெண்மணியைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது; 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. ஆனால் பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியபோது, கூலிக் கேள்வி மனநோய்க் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவலை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வேறுபாடு புரியும்.

மாணவர்களே, பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரின் படம் ஒன்றை நீங்களே வரையுங்கள். மேடு, பள்ளம், வாய்க்கால், கோயில், சேரி, சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதில் இருக்கட்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக் குறியுங்கள். வீட்டுக் கிழவியிடம் உட்கார்ந்து, நடவுக்கு அன்று என்ன கூலி, எந்தப் படியால் அளந்தார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நந்தனாரைப் படியுங்கள், காவிரியைப் படியுங்கள். பிறகு வகுப்பில் எழுந்து நின்று கேளுங்கள்: நாற்பது வேலியை நட்டது யார்?

பதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அது பாடமாகும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்.