அகப்பக்கத்தை முடக்கினால் உரிமை கிடைத்துவிடுமா?



இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று 1990களில் நம் அரசாங்கம் உறுதி கொடுத்தது. ஆனால் 2011 ஜூன் மாதம், திருட்டுப் படங்களைக் காரணம் காட்டி, 10 கோப்புப் பகிர்வு அகப்பக்கங்களுக்குத் தடை போட்டது. வாக்கை மீறியது யார்?

அதே மாதம் ‘அனோனிமஸ்’ என்ற முகமூடிக் கூட்டம் 51 அரசாங்க அகப்பக்கங்களைத் தாக்கியது. 41 பாதிக்கப்பட்டன.

எப்படி? ஒரு முகப்பிடத்தை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மொய்த்துக்கொண்டால் அங்கே வேலை நடக்குமா? பெரும்பாலும் இந்த வழிதான்.

கோபம் நியாயமானதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். அரசாங்க விவரம் தேடிய ஏழைக்கும் அல்லவா கதவு அடைபட்டது? இப்படிப்பட்ட கூட்டம் கொடுக்கும் கருவிகளில் பல, தட்டியவரின் இணைய முகவரியை மறைப்பதில்லை. முகமூடிக்காரன் எங்கோ இருப்பான். மாட்டுவது நம் பிள்ளை. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் வகுத்த தண்டனை, 10 ஆண்டு சிறை, ஒன்றரை லட்சம் வெள்ளி அபராதம் வரை போகும்.

பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பெயரைப் போட்டு, கையெழுத்திட்டு, மகஜராகக் கேட்கச் சொல்லுங்கள். முகம் காட்டிக் கேட்பவனை அரசாங்கம் குற்றவாளி என்று சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.