தாக்குதலுக்குப் பின் வரும் கணக்கு



பயங்கரவாதத்துக்கு எதிரான இராணுவத் தாக்குதல்களால் என்ன பயன் விளைந்தது என்பதை எப்படி மதிப்பிடுவது? இதுவே நம் கருத்தரங்கின் பொருள். தலைமையுரை எல்லாவற்றையும் தொட்டுச் செல்ல வேண்டும் என்பது வழக்கம். நான் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கப்போகிறேன். அது பாகிஸ்தானின் வஜீரிஸ்தான். இத்துறையினர் மிக அதிகமாக ஆராய்ந்த களங்களில் ஒன்று அது. அங்கேயே விடை இவ்வளவு சிக்கலாக இருக்கிறதென்றால், மற்ற இடங்களைப் பற்றி நாம் அடக்கத்தோடுதான் பேச முடியும்.

2004 ஜூனில் தெற்கு வஜீரிஸ்தானில் நெக் முகமது என்ற தளபதி கொல்லப்பட்டார். பாகிஸ்தான் மண்ணில் அமெரிக்காவின் ஆளில்லா விமானம் நடத்திய முதல் தாக்குதல் அது. அடித்தது தாங்கள்தான் என்று பாகிஸ்தான் இராணுவம் அப்போது சொல்லிக்கொண்டது. ஆக, கொன்றவர் யார் என்ற முதல் பதிவே பொய்யோடுதான் தொடங்கியது.

தெஹ்ரீக்-இ-தாலிபான் பாகிஸ்தான் அமைப்பின் கதையைப் பாருங்கள். அதன் தலைவர் பைதுல்லா மெஹ்சூத் 2009 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் இறந்தார். வாரிசுச் சண்டையில் அமைப்பே சிதறிவிடும் என்று பலரும் எழுதினார்கள். சில வாரங்களில் ஹக்கீமுல்லா மெஹ்சூத் தலைமைக்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று, ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் முகாமில் ஒரு மனித வெடிகுண்டு சிஐஏ-வைச் சேர்ந்த ஏழு பேரைக் கொன்றது. குண்டைக் கட்டிக்கொண்டு போனவர் ஹக்கீமுல்லாவின் பக்கத்தில் அமர்ந்து, இது பைதுல்லாவுக்கான பழி என்று பேசிய காணொளி பிறகு வெளிவந்தது. 2010 மே மாதத்தில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நிறுத்திய கார்குண்டு வெடிக்காமல் போனது. அதை வைத்தவருக்குப் பயிற்சி தந்ததும் இதே அமைப்புதான். 2013 நவம்பர் 1 அன்று ஹக்கீமுல்லாவும் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் ஃபஸ்லுல்லா. அவர் காலத்தில்தான், 2014 டிசம்பர் 16 அன்று, பெஷாவர் இராணுவப் பள்ளியில் 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அப்படியானால் தோல்விதானே என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். 2014-இல் அந்த அமைப்பு பல துண்டுகளாக உடைந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே பாகிஸ்தான் இராணுவம் வடக்கு வஜீரிஸ்தானில் தரைவழி நடவடிக்கையைத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டுகளில் வன்முறை கணிசமாகக் குறைந்தது. அந்தப் பெருமையில் ட்ரோனுக்கு எவ்வளவு, தரைப்படைக்கு எவ்வளவு என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. 2021-இல் காபூல் தாலிபான் கைக்குப் போனதும் அதே அமைப்பு மீண்டும் தலைதூக்கியது. 2009 ஆகஸ்டில் கணக்கை மூடினால் வெற்றி. 2014 டிசம்பரில் மூடினால் தோல்வி. 2017-இல் மூடினால் மறுபடி வெற்றி. இன்று மூடினால் என்ன சொல்வீர்கள்? தேதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே முடிவும் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து.

ஆய்வுகள் முரண்படுவதிலும் இதற்குப் பங்குண்டு. பேட்ரிக் ஜான்ஸ்டனும் அனூப் சர்பாஹியும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை வாரக் கணக்கில் பார்த்தது. தாக்குதல் நடந்த பகுதியில் தீவிரவாதிகளின் வன்முறையும் அதன் உயிர்ச்சேதமும் குறைகின்றன என்று கண்டது. அனூக் ரிக்டெரிங்க் 2021-இல் வேறொரு வழியில் போனார். தலைவரைக் குறிவைத்துக் கொன்ற தாக்குதல்களையும், குறிவைத்துத் தவறிய தாக்குதல்களையும் ஒப்பிட்டார். குறி தப்புவது பெரும்பாலும் தற்செயல். அதனால் இந்த ஒப்பீட்டுக்கு வலு உண்டு. தலைவர் கொல்லப்பட்ட பிறகு அந்த அமைப்பின் தாக்குதல்கள் மாதக்கணக்கில் கூடின என்பதே அவர் கண்டது. மேலிருந்து கட்டுப்படுத்தும் கை போய்விட, கீழே இருப்பவர்கள் இஷ்டம்போல் இயங்குகிறார்கள் என்பது அவர் தரும் விளக்கம். முதல் ஆய்வு இடத்தை அளந்தது, இரண்டாவது அமைப்பை அளந்தது. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது கருத்தரங்குகளில் நான் சலிக்கச் சலிக்கப் பார்த்த வேடிக்கை.

எந்த அட்டவணையிலும் ஏறாத விளைவு ஒன்றும் உண்டு. பின்லேடனின் அபோட்டாபாத் வீட்டில் கைப்பற்றிய கடிதங்களில், வஜீரிஸ்தானை விட்டு வெளியேறுங்கள், மேகம் கவிந்த நாளில் மட்டும் நகருங்கள் என்று 2010-இல் அவர் தன் ஆட்களுக்கு எழுதியிருக்கிறார். ஒளிந்துகொள்வதிலேயே ஓர் அமைப்பின் காலமும் ஆளும் கரைவது பெரிய பயன்தான். பயனில்லை என்று வாதிடுவோர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, எண்ணுபவர் யார் என்பது. போர்க்களங்களுக்கு வெளியே 2009 முதல் 2015 வரை நடத்திய 473 தாக்குதல்களில் 64 முதல் 116 பொதுமக்கள் இறந்ததாக அமெரிக்க அரசு 2016 ஜூலையில் அறிவித்தது. அதே காலத்துக்கு லண்டனின் புலனாய்வு இதழியல் அமைப்பு சொன்ன எண் 380 முதல் 801 வரை. இவ்வளவு இடைவெளி ஏன்? செய்தியாளர் நுழைய முடியாத மலைப்பகுதியில் அடித்தவரே எண்ணவும் செய்தார். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்த அமெரிக்க ட்ரோன் தாக்குதல் இதற்கு எதிர்ச்சான்று. முதலில் அது நியாயமான தாக்குதல் என்றது அமெரிக்க இராணுவம். தெருவுக்குப் போய் விசாரிக்கச் செய்தியாளர்களால் முடிந்தது. மூன்று வாரத்துக்குள், இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள் என்று இராணுவமே ஒப்புக்கொண்டது.

நம் நாட்டு விவாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில், காஷ்மீரின் புல்வாமா குண்டுவெடிப்புக்குப் பதிலடியாக இந்திய விமானப்படை பாகிஸ்தானின் பாலகோட்டைத் தாக்கியபின், தொலைக்காட்சிகள் இறந்தவர் எண்ணிக்கையைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தன. அது அடுத்த தாக்குதலைத் தடுக்குமா என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தடுத்தது என்போர், புல்வாமா அளவுக்கு உயிர்ச்சேதம் காஷ்மீரில் மறுபடி நிகழவில்லை என்பார்கள். தடுக்கவில்லை என்போர் 2025 ஏப்ரலில் பஹல்காமில் இறந்த 26 பேரைச் சுட்டுவார்கள். எது நடந்தால் வெற்றி என்று முன்கூட்டியே யாரும் சொல்லிவைக்காததால், இரு தரப்பும் தோற்காமலே வாதாடலாம்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவுகளைக் காட்டும் முன், கணக்கை எந்தத் தேதியில் மூடினீர்கள், ஏன் அந்தத் தேதி, இறந்தவர் எண்ணிக்கை யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாதவர்களிடம் முதல் கேள்வியாக இதையே கேட்குமாறு அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.