பிள்ளைக்குப் பேதி: கிருமி பல, முதல் மருந்து ஒன்று



வருஷங்கள் கழித்துக் கூடிய இடத்தில் பேதியைப் பற்றியா பேச்சு என்று சிரிக்காதீர்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் நமக்கு மனசு நிறைகிறது. அதே தண்ணீரில்தான் குளிக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், பிள்ளைக்குக் கால் கழுவுகிறோம். ஒரு பிள்ளையின் வயிற்றுக் கிருமி இன்னொரு பிள்ளையின் வாய்க்கு வர இது போதாதா?

கிருமிகள் பல. 1885-ல் எஷரிக் என்ற டாக்டர் குழந்தைகளின் மலத்தில் கண்டது ஈ.கோலை. அதில் பெரும்பாலானவை சாது. சில வகைகள்தான் நஞ்சு சுரக்கும். காலராக் கிருமியின் நஞ்சும் அப்படியே உப்பையும் நீரையும் குடலிலிருந்து வெளியே இறைத்துவிடும். கஞ்சித் தண்ணி மாதிரி போகும். 1897-ல் ஜப்பானியர் ஷிகா கண்ட ஷிகெல்லா வேறு ரகம். குடல் சுவருக்குள்ளேயே நுழையும். சீதமும் ரத்தமும் போகும்.

கிருமி வேஷமும் மாற்றும். கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ1 வகைதான் என்று நம்பியிருந்தோம். 1992 கடைசியில் சென்னையில் பரவிய காலரா அந்தச் சோதனைக்குப் பிடிபடவில்லை. ஓ139 என்று புதுப் பெயர் வைத்தார்கள். காலரா பழகிப்போன ஊர்களில் சிறுவர்களையே அதிகம் தாக்கும் நோய், அப்போது பெரியவர்களையும் சாய்த்தது. பழைய எதிர்ப்புச் சக்தி புதியதற்கு உதவவில்லை.

ஆனால் எந்தக் கிருமி என்று லேப் சொல்ல இரண்டு மூன்று நாளாகும். நீர் வற்றும் பிள்ளை அதுவரை தாங்குமா? நல்லவேளையாக, சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி காலராவிலும் அடைபடுவதில்லை. 1971-ல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே சாவை நூற்றுக்கு நாலுக்கும் கீழே கொண்டுவந்தார்.

நம் ஊரில் இன்றும், "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "ஒரு ஊசி போட்டுடுங்க" என்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாமுங்க. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரையுங்கள். இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சோறு தின்கிற பிள்ளைக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கலாம். டாக்டர் சொன்ன அளவில் 14 நாள் ஜிங்க்.

ரத்தம் போனால், கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், பிள்ளை துவண்டு குடிக்க முடியாமல் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆன்டிபயாடிக் ஷிகெல்லாவுக்கும் கடுமையான காலராவுக்கும் வேண்டியது. ரோட்டா வைரஸ் பேதிக்கு அது பயனில்லை. அதற்குத் தடுப்பு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது.

தம்பி தங்கைகளே, பரீட்சைக்குக் கிருமிகளின் பெயர் வேண்டும், படியுங்கள். லீவில் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த ஒரு லிட்டர் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.